வெள்ளைக்கல் டம்பில் பச்சை பிடித்ததா: நடந்து பார்ப்பதா, ட்ரோனா, செயற்கைக்கோளா?

சேலத்து வெள்ளைக்கல் பகுதியில் சுரங்கம் தோண்டிய நிலத்தில் கன்று நட்டு, வேலி போட்டு, இரண்டு கோடைக்குத் தண்ணீர் லாரியும் விட்டு முடித்த பிறகு எல்லோருக்கும் ஒரே கேள்விதான் வரும்: செடி பிடித்ததா, இல்லையா? குத்தகைக்காரர் கேட்பார். நட்டுக்கொடுத்த நர்சரிக்காரருக்குப் பணம் பட்டுவாடா செய்ய வேண்டியவர் கேட்பார். பக்கத்து ஊராட்சி கேட்கும். சுரங்கங்களை மேற்பார்க்கும் இந்தியச் சுரங்கப் பணியகமும் நாக்பூரிலிருந்து கேட்கும்.

பதில் சொல்ல நான்கு வழிகள் புழக்கத்தில் இருக்கின்றன. ஆள் போய்க் கட்டம் கட்டிச் செடி எண்ணுவது, ஒரே இடத்தில் நின்று வருடா வருடம் போட்டோ எடுப்பது, ட்ரோன் விடுவது, செயற்கைக்கோள் படத்தை வைத்துப் பச்சையை அளப்பது. இதில் எதற்குக் காசு செலவழிக்கலாம் என்பதுதான் இங்கே பேச்சு. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், என் ஓட்டு நடந்து போகிறவர்களுக்கு. மற்ற மூன்றுக்கும் இடம் உண்டு, ஆனால் அந்த இடம் அவற்றை விற்கிறவர்கள் சொல்வதைவிடச் சின்னது.

சேலத்து நிலத்தின் குணத்தைச் சொல்லாமல் இதைப் பேச முடியாது. கருப்பூர்ப் பக்கம் ரயிலில் வருகிறவர்களுக்கு மேக்னசைட் ஜங்ஷன் தெரியும், அதைச் சுற்றியுள்ள வெள்ளை மேடுகளும் தெரியும். வெள்ளைக்காரன் ‘சாக் ஹில்ஸ்’ என்று பெயர் வைத்தான், நம்மவர்களுக்கு அது வெள்ளைக்கல். இங்கே மேக்னசைட் என்ற அந்த வெள்ளைக் கனிமம் தனிப் பாறையாகக் கிடப்பதில்லை, டுனைட் என்ற பாறைக்குள் நரம்பு நரம்பாக ஓடுகிறது. அந்த நரம்பை எடுக்க அதைப்போலப் பல மடங்கு பாறையை உடைத்துக் கொட்ட வேண்டும். கொட்டிய குவியல்தான் டம்ப். அதில் மெக்னீசியம் மிதமிஞ்சி இருக்கும், கால்சியம் குறைவு. தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் பெயருக்குத்தான். நிக்கலும் குரோமியமும் கொஞ்சம் சேர்ந்திருக்கும். போதாததற்குக் காரத்தன்மை. இப்படிப்பட்ட மண்ணில் இயற்கையாகவே காடு அடர்த்தியாக வராது, முட்புதரும் புல்லும்தான் வரும். அதனால் சேர்வராயன் மலைச் சரிவின் பச்சையோடு வெள்ளைக்கல் டம்பின் பச்சையை ஒப்பிட்டு மதிப்பெண் போடுவது ஆரம்பத்திலேயே தப்புக் கணக்கு. ஒப்பிட வேண்டியது பக்கத்திலேயே தோண்டாமல் விட்ட கரட்டோடு.

இன்னொரு விஷயம், எதை அளக்கிறோம் என்பது. சுரங்கங்களுக்குத் தரும் சுற்றுச்சூழல் அனுமதியில் வழக்கமாக ஒரு நிபந்தனை இருக்கும்: சீரமைத்த நிலத்தில் தாவரங்கள் தாமாகவே நிலைத்து நிற்கும் நிலை வரும்வரை கண்காணிக்க வேண்டும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை அறிக்கை தர வேண்டும். 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னதும் இதை ஒட்டித்தான். தோண்டி முடித்த நிலத்தில் மறுபடி புல் வளர்த்து, தீவனத்துக்கும் செடிகொடிக்கும் உயிரினங்களுக்கும் ஏற்றதாக்க வேண்டும் என்று குத்தகை நிபந்தனையிலேயே சேர்க்கச் சொன்னது. ‘இத்தனை கன்று நட்டோம்’ என்பது இதற்குப் பதில் ஆகாது. ‘இத்தனை சதவீதம் பச்சை’ என்பதும் பாதிப் பதில்தான். தண்ணீர் லாரி நின்ற பிறகும் நிற்கிறதா, விதை விழுந்து தானாக முளைக்கிறதா, இதைத்தான் கேட்கிறார்கள். நான்கு முறைகளையும் இந்தக் கேள்வியை வைத்துத்தான் உரசிப் பார்க்க வேண்டும்.

செயற்கைக்கோள்

இலவசம் என்பதால் பலரும் முதலில் இங்கேதான் போகிறார்கள். போகலாம், தப்பில்லை. ஐரோப்பாவின் சென்டினல்-2 படம் 10 மீட்டர் பிக்சலில் (படத்தின் ஒரு புள்ளி தரையில் பத்துக்குப் பத்து மீட்டர்) ஐந்து நாளுக்கு ஒருமுறை கிடைக்கிறது. அமெரிக்காவின் லேண்ட்சாட் 30 மீட்டர்தான், ஆனால் 1984 முதல் அதே அளவில் படம் இருக்கிறது. நம்முடைய ரிசோர்ஸ்சாட்டின் லிஸ்-4 கேமரா 5.8 மீட்டர் வரை காட்டும். க்யூஜிஐஎஸ் என்ற இலவச மென்பொருளில் போட்டு பச்சையை அளக்கும் என்டிவிஐ (NDVI) குறியீட்டைக் கணக்கிட ஒரு கல்லூரி மாணவருக்கு அரை நாள் பயிற்சி போதும். இலை சிவப்பு ஒளியை விழுங்கும், கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்பைத் திருப்பி அடிக்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் வருவதுதான் அந்த எண்.

இனி டம்புக்கு வருவோம். மூன்று மீட்டருக்கு மூன்று மீட்டர் இடைவெளியில் நட்டால் ஹெக்டேருக்குச் சுமார் 1,100 கன்று. ஒரு சென்டினல் பிக்சல் 100 சதுர மீட்டர், அதற்குள் 11 கன்று. ஒவ்வொன்றின் தழைப்பும் ஒரு மீட்டர் அகலத்துக்கு வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். 11 கன்றும் சேர்ந்து மூடுவது ஒன்பது சதுர மீட்டருக்குள்தான். மிச்சம் 91 சதுர மீட்டர் வெள்ளைக் கல். கன்று நூற்றுக்கு நூறு பிழைத்திருந்தாலும் பாதி செத்துப்போயிருந்தாலும் அந்தப் பிக்சலில் தெரியும் வித்தியாசம் நாலைந்து சதவீதம். ஒரு மழை தள்ளிப்போனால் புல்லில் வரும் வித்தியாசமே அதைவிடப் பெரிது. ஆகவே முதல் மூன்று நான்கு வருடங்களுக்குச் செயற்கைக்கோள் படத்தை வைத்து நர்சரிக்காரரோடு சண்டை போட முடியாது. தழைப்பு மூன்று மீட்டர் விரிந்தால் அதே 11 மரம் முக்கால் பிக்சலை மூடிவிடும். அப்போது படம் பேசத் தொடங்கும்.

வெள்ளைத் தரையும் ஒரு தொல்லை. செடி குறைவாக உள்ள இடத்தில் தரையின் பளபளப்பே எண்ணை மாற்றிவிடும். மழை பெய்து கல் நனைந்து கருத்தால் எண் வேறு, காய்ந்தால் வேறு. இதற்காகவே 1988ல் ஹியூட் என்ற ஆய்வாளர் மண்ணின் தாக்கத்தைக் குறைக்கும் ‘எஸ்ஏவிஐ’ (SAVI) என்ற குறியீட்டைத் தந்தார். டம்புக்கு என்டிவிஐயைவிட அதைப் போடுவது நல்லது. மழைக்குப் பிந்தைய ஒரு படத்தையும் கோடைப் படத்தையும் பக்கத்தில் வைத்து ‘எவ்வளவு முன்னேற்றம் பாருங்கள்’ என்று காட்டும் அறிக்கைகளும் சுற்றுகின்றன. அது முன்னேற்றம் அல்ல, ஐப்பசி மழை. ஒப்பிட்டால் அதே மாதத்தை அதே மாதத்தோடு ஒப்பிட வேண்டும், அந்த வருட மழையளவையும் பக்கத்தில் எழுத வேண்டும்.

இதையெல்லாம் சரிசெய்துவிடலாம் என்றே வைத்துக்கொள்வோம். சரிசெய்ய முடியாதது ஒன்று இருக்கிறது, அது சீமைக்கருவேலம். செயற்கைக்கோளுக்கு அது அருமையான பச்சை. வேம்பும் புங்கனும் இலை உதிர்த்து நிற்கிற மாசிக் கடைசியிலும் அது பச்சையாகவே இருக்கும். கைவிட்ட டம்பில் யாரும் நடாமலே அது வந்து மூடிக்கொண்டால் குறியீடு வருடா வருடம் அழகாக ஏறும். குறியீட்டின் ஏற்றத்தைப் பார்க்கிறவர் மறுவாழ்வு பெற்ற நிலம் என்று எழுதுவார், அங்கே ஆடு ஓட்டிப் போகிறவர் முள்ளுக்காடு என்பார். இருவரும் பார்ப்பது ஒரே இடத்தைத்தான்.

ஆனால் இந்தத் தொல்லையையே ஒரு வேலைக்குப் பயன்படுத்திக்கொள்ளலாம். தையில் ஒரு படம், மாசி முடியும்போது ஒரு படம். இரண்டுக்கும் நடுவில் பச்சை நன்றாக இறங்கினால் அங்கே புல்லும் இலையுதிர்க்கும் மரங்களும் இருக்கின்றன என்று கொள்ளலாம். இறங்கவே இல்லை என்றால் சந்தேகப்பட வேண்டும், முதலில் நடந்து போய்ப் பார்க்க வேண்டிய இடம் அதுதான். செயற்கைக்கோளின் உண்மையான உபயோகம் எனக்குத் தெரிந்து இதுதான்: எங்கே போக வேண்டும் என்று அது சொல்லும். அங்கே என்ன இருக்கிறது என்று சொல்லாது.

ட்ரோன்

ட்ரோன் விஷயத்தில் ஒரு பகுதியினருக்குத் தேர்வே இல்லை. 2021 நவம்பரில் திருத்திய கனிமப் பாதுகாப்பு விதிகளின்படி, 50 ஹெக்டேரோ அதற்கு மேலோ குத்தகை உள்ளவர்களும், வருடத்துக்குப் பத்து லட்சம் டன்னோ அதற்கு மேலோ தோண்டத் திட்டமிட்டவர்களும், குத்தகைப் பரப்பையும் அதன் எல்லைக்கு வெளியே 100 மீட்டர் வரையும் ட்ரோனில் படமெடுத்து வருடா வருடம் கொடுக்க வேண்டும். சின்னக் குத்தகைக்காரர்களுக்குச் செயற்கைக்கோள் படம் போதும். எப்படியும் ட்ரோன் பறக்கப்போகிறது என்றால் அந்தப் படத்தையே செடிக்கும் பயன்படுத்திக்கொள்வது புத்திசாலித்தனம். செடிக்கென்று தனியாகப் பறக்கவிடுவதாக இருந்தால்தான் யோசிக்க வேண்டும்.

அதனால் ஆகிற காரியம் நிச்சயம் உண்டு. இரண்டு மூன்று சென்டிமீட்டர் பிக்சலில் ஒவ்வொரு கன்றும் தனித்தனியாகத் தெரியும். எத்தனை குழி காலி என்று மேசையில் உட்கார்ந்தே எண்ணிவிடலாம். ஒரு நுணுக்கம்: மழைக்காலத்தில் பறந்தால் பச்சைப் புல்லுக்குள் பச்சைக் கன்று மறைந்துவிடும். புல் காய்ந்து பழுப்பான பிறகு பறந்தால் உயிரோடிருக்கும் கன்று மட்டும் பச்சைப் புள்ளியாகப் பளிச்சென்று நிற்கும். அந்த நேரத்தில் இலை உதிர்க்கும் இனம் நட்டிருந்தால் இந்த வழி சரிப்படாது, அதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஆள் ஏற முடியாத சரிவு ட்ரோனுக்கு இன்னொரு நியாயம். சரளையாகக் கொட்டிய டம்ப் 35 டிகிரிக்கு மேல்கூடச் சாய்ந்து நிற்கும், காலடியில் கல் உருளும். அனுமதி நிபந்தனைகளில் மொத்தச் சரிவை 28 டிகிரிக்குள் வைக்கச் சொல்வது வழக்கம் என்றாலும் பழைய டம்புகள் அப்படி இருப்பதில்லை. அங்கே மாணவர்களை ஏற்றுவதைவிட ட்ரோனை ஏற்றலாம். மழைத் தண்ணீர் அறுத்த ஓடைகள் எவ்வளவு ஆழமாகியிருக்கின்றன என்பதையும் வருடா வருடம் அளந்து தரும். செடி பிடிக்காததற்குப் பாதிக் காரணம் அந்த ஓடைகளாகத்தான் இருக்கும். ஆனால் அளவு சரியாக வர, தரையில் நிலையான குறிப்புப் புள்ளிகள் வைத்திருக்க வேண்டும். இல்லையென்றால் இந்த வருடப் படமும் போன வருடப் படமும் ஒன்றன்மேல் ஒன்று உட்காராது.

இனி சேலத்துக்கே உரிய சிக்கல். விமான நிலையம் காமலாபுரத்தில், ஓமலூர்ப் பக்கம். வெள்ளைக்கல் பகுதியும் அந்தத் திசையில்தான். 2021 ட்ரோன் விதிகளின்படி விமான நிலைய எல்லையிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டர் வரை 200 அடிக்கு மேல் போனால் மஞ்சள் மண்டலம், அனுமதி வேண்டும். அதைவிடக் கிட்டே என்றால் தரையிலிருந்தே கட்டுப்பாடு. எங்கே பறக்கலாம் என்று காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தைப் பார்க்காமல் தேதி குறிக்கக் கூடாது. உயரம் குறைத்துப் பறந்தால் ஒரே பரப்புக்குப் பேட்டரியும் நேரமும் கூடும், ட்ரோன்காரர் சொல்லும் விலை அதற்கேற்ப ஏறும்.

அப்புறம், இனம். மேலிருந்து பார்த்தால் முழங்கால் உயர வெள்வேலக் கன்றும் சீமைக்கருவேலக் கன்றும் ஒரே மாதிரிதான். அகச்சிவப்புக் கேமரா வைத்த விலையுயர்ந்த ட்ரோனும் அந்த வயதில் பெரிதாக உதவாது. தானாக முளைத்ததா நட்டதா என்பதை வரிசையை வைத்து ஊகிக்கலாம், அவ்வளவுதான்.

நடந்து போவது

20 ஹெக்டேர் டம்ப் என்று வைத்துக்கொள்வோம். பத்துக்குப் பத்து மீட்டரில் 20 கட்டம் போட்டால் பரப்பில் ஒரு சதவீதம் பார்த்துவிட்டோம். உச்சித் தளம், சரிவு, அடிவாரம் மூன்றுக்கும் தனித்தனியாகக் கட்டம் ஒதுக்க வேண்டும். மழை அடித்து வந்த பொடிமண்ணும் ஈரமும் அடிவாரத்தில்தான் தங்கும், அங்கே எப்போதும் பச்சை கூடுதல். கட்டங்களை இடத்துக்குப் போய்த் தேர்ந்தெடுக்கக் கூடாது. அலுவலகத்திலேயே வரைபடத்தில் குலுக்கல் முறையில் குறித்துவிட வேண்டும். இடத்துக்குப் போய்த் தேர்ந்தெடுத்தால் கால் தானாகப் பாதையோரத்துக்கும் நிழலுக்கும்தான் போகும். மூலைக்கு மூலை இரும்புக் கம்பி அடித்துச் சிமெண்ட் போட்டுவிட்டால் அடுத்த வருடம் தேட வேண்டாம். போன் ஜிபிஎஸ் சில மீட்டர் தள்ளிக் காட்டும், அதை மட்டும் நம்பினால் ஒவ்வொரு வருடமும் வேறு கட்டத்தை எண்ணிக்கொண்டிருப்போம். பழைய இரும்புக்கு விலை இருப்பதால் கம்பி காணாமல் போவதும் உண்டு, தரைக்கு மேல் ஒரு சாண் மட்டும் விடுங்கள்.

பெரிய கட்டத்துக்குள் மரம், ஐந்து மீட்டர் கட்டத்துக்குள் புதர், ஒரு மீட்டர் பிவிசி பைப் சட்டத்துக்குள் புல்பூண்டு. இந்த ஒரு மீட்டர் சட்டத்தை டம்பில் வைத்துக் குனிந்து பார்த்தால்தான் கதை தெரியும். முக்கால்வாசி கல். கல்லின் வடக்கு ஓரத்தில், நிழல் விழும் பக்கம், ஊசிப்புல் இரண்டு கொத்து. காய்ந்த இலை ஒரு கைப்பிடி அங்கேதான் தங்கியிருக்கும். அதைக் கிளறினால் கொஞ்சம் கருத்த மண், அதில் விரல் உயர ஆவாரம் நாற்று ஒன்று. யாரும் நட்டதில்லை. நிபந்தனை கேட்கிற ‘தானாக நிலைத்து நிற்பது’ இந்த நாற்றுதான். இதை எந்தக் கேமராவும் இன்றைக்கு வானத்திலிருந்து காட்டாது.

நட்ட கன்றைக் கிட்டே போய்ப் பார்ப்பதிலும் பலன் உண்டு. டம்பில் குழி எடுத்து வெளியிலிருந்து செம்மண்ணும் எருவும் போட்டு நடுவது வழக்கம். அந்தக் குழி மண் இருக்கும்வரை கன்று ஜம்மென்று வளரும். வேர் குழிச்சுவரைத் தாண்டி டுனைட்டுக்குள் நுழையும்போதுதான் சோதனை. நுனி இலை வெளுக்கும், வளர்ச்சி நிற்கும். இரண்டாம் வருடம் 90 சதவீதம் பிழைத்தது என்று பணம் கொடுத்து முடித்தபின் நான்காம் வருடம் காய்ந்து நிற்பது இப்படித்தான். பிழைத்ததா என்று மட்டும் எழுதாமல் உயரத்தையும் இலை நிறத்தையும் எழுதி வைத்தால் இது முன்கூட்டியே தெரியும். கூடவே கட்டத்துக்கு ஒரு மண் மாதிரி, மேல் 15 சென்டிமீட்டர் ஆழத்திலிருந்து. கார அமில நிலை, கரிமச் சத்து, கால்சியம், மெக்னீசியம் பார்த்தால் போதும். குழிக்குள்ளிருந்து எடுத்தால் செம்மண்ணைத்தான் சோதிப்பீர்கள், குழிக்கு வெளியே எடுக்க வேண்டும்.

இந்த முறையின் பலவீனம் ஆள். இலையைப் பார்த்து இனம் சொல்லத் தெரிந்தவர் ஒருவர் வேண்டும், அவர் வருடா வருடம் மாறக் கூடாது. தாவரவியல் படித்த மாணவரைவிட ஆடு மேய்க்கிற பெரியவர் நாற்றிலேயே செடியை அடையாளம் சொல்வார், எந்தப் புல்லை ஆடு கடிக்கும் என்பதும் சேர்ந்து கிடைக்கும். அவருக்கும் கூலி போட்டுக் கூட்டிப்போவது நல்லது. மூடுபரப்பை, அதாவது தரையில் செடி மூடிய பங்கை, கண்ணால் மதிப்பிடுவதில் ஆளுக்கு ஆள் வித்தியாசம் வரும். இருவர் தனித்தனியாக எழுதிப் பிறகு ஒப்பிட்டால் அது குறையும். இரண்டு பேர் ஒரு நாளைக்கு ஏழெட்டுக் கட்டம் முடிக்கலாம், 20 கட்டத்துக்கு மூன்று நாள். ட்ரோனுக்கு ஆகும் செலவோடு பார்த்தால் இது சில்லறை.

போட்டோவைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கட்டத்தின் கம்பியிலிருந்து நான்கு திசைக்கும் ஒவ்வொரு படம், அதே மாதம், அதே உயரம். எண் எதுவும் தராது. ஆனால் ஊராட்சிக் கூட்டத்தில் பட்டியலை நீட்டினால் யாரும் பார்க்கமாட்டார்கள், படத்தை நீட்டினால் பேச்சு நடக்கும். செலவில்லை, செய்துவிடுங்கள்.

ஏற்காட்டுக்கு மேலே

மலையில் கணக்கு கொஞ்சம் மாறும். அங்கே எடுத்தது பாக்சைட், மலையுச்சித் தளங்களின் தொப்பியை மட்டும் சீவி எடுத்த மாதிரி. மழை கூடுதல், மண் வேறு, பச்சை சீக்கிரம் வரும். ஆனால் துண்டு துண்டு நிலம், சுற்றிலும் காப்பித் தோட்டமும் சில்வர் ஓக்கும். பத்து மீட்டர் பிக்சல் ஓரங்களில் தோட்டத்துப் பச்சையையும் சேர்த்து எடுத்துக்கொள்ளும். மழைக்கால மேகத்தில் நல்ல படம் கிடைப்பதே பாடு, கிடைத்தாலும் செங்குத்தான வடமேற்குச் சரிவுகளில் மார்கழி, தை நிழல் விழுந்திருக்கும். மேலே சீமைக்கருவேலத்தின் இடத்தை உண்ணிச்செடி பிடித்துக்கொள்கிறது, அதுவும் மேலிருந்து பார்த்தால் நல்ல பச்சை. பரப்பு சின்னது என்பதால் நடப்பது இங்கே இன்னும் மலிவு. காப்புக்காட்டை ஒட்டிய இடம் என்றால் வனத்துறையிடம் முன்கூட்டியே கேட்டுவிட வேண்டும், ட்ரோனுக்கு மட்டுமல்ல, கட்டம் போடுவதற்கும். மலையில் ட்ரோனுக்கு நான் காசு ஒதுக்கமாட்டேன்.

வெள்ளைக்கல் டம்புக்கு என் கையில் பணம் கொடுத்தால் இப்படிச் செலவழிப்பேன். நட்ட வருடத்திலிருந்து ஐந்து வருடத்துக்கு, மழை ஓய்ந்ததும் மார்கழியில் கட்டக் கணக்கும் போட்டோவும். மண் சோதனை முதல் வருடமும் மூன்றாம் வருடமும் ஐந்தாம் வருடமும். பக்கத்துக் கரட்டில், தோண்டாத இடத்தில், ஐந்து கட்டம், ஒப்பிடுவதற்கு. அது இல்லாமல் மற்ற எண்களுக்கு அர்த்தம் கிடைக்காது. ட்ரோன் ஒருமுறை, இரண்டாம் கோடையில், பிழைத்ததை எண்ணிப் பணம் பைசல் செய்வதற்கு. சரிவு ஆபத்தானதாக இருந்தால் அந்தச் சரிவுக்கு மட்டும் வருடா வருடம். செயற்கைக்கோள் படம் முதல் நாளிலிருந்தே சேமிக்கலாம், ஆனால் அறிக்கையில் அதற்கு இடம் நான்காம் வருடத்துக்குப் பிறகு. ஐந்து வருடம் முடிந்ததும் கட்டத்தை இரண்டு வருடத்துக்கு ஒருமுறையாகக் குறைத்து, நடுவில் படத்தை வைத்துச் சமாளிக்கலாம். எந்தக் கட்டத்திலாவது மாசிப் பச்சை திடீரென்று ஏறினால் அங்கே மட்டும் ஆளை அனுப்ப வேண்டும்.

கண்காணிப்பை எப்போது நிறுத்தலாம் என்று எல்லோரும் கேட்பார்கள். தண்ணீர் லாரி நின்று இரண்டு கோடையாவது போயிருக்க வேண்டும். சரிவிலுள்ள கட்டங்களிலும், அடிவாரத்தில் மட்டுமல்லாமல், சீமைக்கருவேலம் அல்லாத தானாக முளைத்த நாற்று இருக்க வேண்டும், அது அடுத்த வருடக் கணக்கிலும் உயிரோடு இருக்க வேண்டும். மூடுபரப்பு பக்கத்துக் கரட்டின் அளவை நெருங்கியிருக்க வேண்டும். தானாக முளைத்த நாற்றுக்குக் கட்டக் குறிப்பேட்டில் தனிப் பத்தி இல்லையென்றால் பின்னால் தேடி எடுக்க முடியாது. அதனால் முதல் வருடப் படிவத்திலேயே ‘நட்டது’, ‘தானாக வந்தது’ என்று இரண்டு பத்தி போட்டு அச்சடித்துவிடுங்கள். நிரப்பிய தாளின் ஒரு நகலை ஊராட்சி அலுவலகத்திலும் வையுங்கள். குத்தகை கைமாறும்போது முதலில் காணாமல் போவது அந்தக் கோப்புதான்.